பழைய டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரா, புதியதா? வாங்கும் முன் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது இரண்டாகத் தெரியும் காட்சியைக் கையால் ஒன்றுசேர்த்து ஃபோகஸ் செய்யும் கேமரா, வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எதுல படம் நல்லா வரும்?" என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்வேன். 2004ல் வந்த 6 மெகாபிக்சல் கேமரா முதல் இன்றைய 60 மெகாபிக்சல் கேமரா வரை, நல்ல வெளிச்சத்தில் எல்லாமே நல்ல படம் தரும். முதலில் கேட்க வேண்டியது வேறு. இது கெட்டுப்போனால் உதிரி பாகம் கிடைக்குமா? சரிசெய்ய ஆள் இருக்கிறாரா? இதன் கோணல் குணங்களோடு என்னால் தினமும் படம் எடுக்க முடியுமா?

இந்தக் கேமராக்களுக்குள் வேறு வேறு வயதுள்ள இரண்டு பொருட்கள் சேர்ந்திருக்கின்றன. ஃபோகஸ் பார்க்கும் கண்ணாடிகள், கை, உருளை எல்லாம் 1954ல் வந்த லைக்கா எம்3 காலத்து ஏற்பாடு. அதை அறிந்த ஒருவர் திருகைத் திருப்பி, துடைத்து, எண்ணெய் போட்டு எத்தனை ஆண்டுக்கும் ஓட்டிவிடுவார். சென்சார், திரை, சர்க்யூட் போர்டு ஆகியவை அப்படி இல்லை. தயாரிப்பாளர் கையிருப்பு தீர்ந்த நாளோடு அவற்றின் கதை முடிந்தது. பழையதா புதியதா என்று எடை போடும்போது உண்மையில் எடை போடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

எனக்குப் பகலில் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் தர ஆய்வு வேலை. அளவுகோலை வைத்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதது அங்கே பழகியது. கேமரா வாங்கும்போதும் அப்படியே செய்கிறேன். நான் சொல்வதெல்லாம் இங்கே, வருடம் முழுக்கப் புழுங்கும் ஊரில், சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா கடைகளில் செகண்ட் ஹேண்டாகப் பார்த்தும் வாங்கியும் விற்றும் தெரிந்துகொண்டவை.

முதலில் எது ரேஞ்ச்ஃபைண்டர் என்று தெளிவாக்கிக்கொள்வோம். ஃபூஜியின் எக்ஸ்100, எக்ஸ்-ப்ரோ வரிசைகள் பார்க்க அப்படி இருந்தாலும் ரேஞ்ச்ஃபைண்டர் அல்ல; ஓரத்தில் வியூஃபைண்டர் வைத்த ஆட்டோஃபோகஸ் கேமராக்கள். உண்மையான ரேஞ்ச்ஃபைண்டரில் வியூஃபைண்டரின் நடுவே ஒரு சின்ன வெளிச்சக் கட்டம் இருக்கும். அதற்குள் காட்சி இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் இரண்டும் நகர்ந்து ஒன்றின் மேல் ஒன்று விழும். விழுந்த இடம்தான் ஃபோகஸ். லென்ஸின் பின்புறம் உள்ள வளையம் கேமராவுக்குள் இருக்கும் உருளையைத் தள்ள, உருளை ஒரு கையை அசைக்க, கை கண்ணாடியைத் திருப்புகிறது. இவ்வளவும் இரும்பும் கண்ணாடியும்தான். மின்சாரத்துக்கு இதில் வேலையே இல்லை.

எப்சன் ஆர்-டி1

2004ல் வந்த உலகின் முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் இதுதான். லைக்கா தயங்கிக்கொண்டிருந்தபோது, சீகோ எப்சன் நிறுவனம் கோசினாவின் பெஸ்ஸா என்ற ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் உடலை எடுத்து அதற்குள் சிசிடி என்ற பழைய வகை 6 மெகாபிக்சல் சென்சாரை, ஃபிலிம் சட்டத்தைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சி அளவில், வைத்தது. இதைக் கையில் எடுத்தவர்கள் எளிதில் கீழே வைப்பதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் லீவரைக் கட்டைவிரலால் இழுத்து ஷட்டரை ஏற்ற வேண்டும். ஃபிலிம் இல்லாத கேமராவில் ஃபிலிம் காலத்து லீவர். மேல்தட்டில் கடிகாரம் போல ஒரு முகப்பு. பெரிய முள் இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்று காட்டும். சின்ன முட்கள் பேட்டரி, வெள்ளைச் சமன்பாடு (ஒயிட் பேலன்ஸ்), படத்தின் தரம் ஆகியவற்றைக் காட்டும். கடிகாரம் செய்த குடும்பத்தின் கை அதில் தெரிகிறது. பின்திரையை உட்பக்கமாகத் திருப்பி மூடிவிட்டால் ஃபிலிம் கேமராவேதான்.

வியூஃபைண்டர் ஒன்றுக்கு ஒன்று அளவு. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் படம் எடுக்கலாம். கண் முன்னால் காற்றில் ஒரு சட்டம் மிதப்பது போலத் தெரியும். இந்த அனுபவம் லைக்கா டிஜிட்டல் எதிலும் கிடையாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ரேஞ்ச்ஃபைண்டரின் அடித்தளத் தூரம், அதாவது இரண்டு பிம்பங்களையும் தரும் ஜன்னல்களுக்கு இடையிலான தூரம், குறைவு. வியூஃபைண்டர் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் 38.2 மி.மீ.தான், லைக்கா எம்8, எம்9ல் அது 47.1. அடித்தளம் குறைந்தால் ஃபோகஸின் துல்லியமும் குறையும். 35 மி.மீ., 50 மி.மீ. லென்ஸ்களுக்கு அது போதும். 75 அல்லது 90 மி.மீ. லென்ஸின் துவாரத்தை முழுவதும் திறந்து எடுக்க இது கேமரா அல்ல. ஃபோகஸ் அச்சு சற்றே எளிதில் நகரும். 2006ல் வந்த ஆர்-டி1எஸ் வரை 2 ஜிபி எஸ்டி கார்டுக்கு மேல் ஏற்காது. அதைவிடப் பெரிய எஸ்டிஎச்சி கார்டு வேண்டுமானால் 2009ன் ஆர்-டி1எக்ஸ் பார்க்க வேண்டும். போர்டு போனால் போனதுதான். இதை வாங்குபவர் இதன்மேல் ஆசைப்பட்டு, போனால் போகட்டும் என்று வாங்க வேண்டும். இதை வைத்துத்தான் பிழைப்பு என்றால் வேண்டாம்.

லைக்கா எம்8: கறுப்பு ஏன் ஊதாவாகிறது

2006 செப்டம்பரில் வந்தது. 10.3 மெகாபிக்சல், கோடாக் செய்த சிசிடி, 35 மி.மீ. சட்டத்தைவிடச் சின்ன சென்சார். ஒவ்வொரு லென்ஸும் 1.33 மடங்கு நீண்டது போல நடந்துகொள்ளும்; 35 கிட்டத்தட்ட 47 ஆகிவிடும். அகலமான காட்சி பிடிப்பவர்கள் 24 அல்லது 21 தேட வேண்டியிருக்கும்.

இதன் பெரிய கோணல் ஊதா நிறம். இந்த வரிசைக் கேமராக்கள் எல்லாவற்றையும் புரிந்துகொள்ள இது உதவும் என்பதால் காரணத்தைச் சொல்கிறேன். ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களின் பின்கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் வந்து நிற்கும். அதனால் ஓரங்களில் ஒளி மிகச் சாய்வாக விழும். சென்சாரின் மேலுள்ள கண்ணாடி தடிமனாக இருந்தால் அந்தச் சாய்ந்த ஒளி வளைந்து ஓரங்கள் மங்கிவிடும். எனவே லைக்கா அந்தக் கண்ணாடியை மிக மெல்லியதாக, அரை மில்லிமீட்டராக, வைத்தது. அகச்சிவப்பு ஒளியைத் தடுப்பதும் அதே கண்ணாடியின் வேலைதான். மெலிந்ததும் அகச்சிவப்பு உள்ளே கசிந்தது.

நடைமுறையில் இது எப்படித் தெரியும்? மஞ்சள் பல்பு எரியும் திருமண மண்டபத்தில் பாலியஸ்டர் கறுப்புக் கோட்டு போட்டவரை எடுங்கள். பக்கத்தில் பருத்திக் கறுப்புச் சட்டை போட்டவரும் நிற்கட்டும். பருத்தி கறுப்பாகவே வரும். கோட்டு கத்திரிக்காய் நிறத்தில் வரும். இலைகள் கொஞ்சம் மஞ்சளடித்துத் தெரியும். இதற்கு மருந்து, லென்ஸின் முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் யூவி/ஐஆர் ஃபில்டர் போடுவது. அன்று கேமரா வாங்கியவர்களுக்கு லைக்காவே இரண்டு ஃபில்டர்களை இலவசமாகக் கொடுத்தது. ஆனால் அந்த ஃபில்டர் அகல லென்ஸ்களில் மூலைகளை நீலப்பச்சை ஆக்கும். அதைச் சரிசெய்ய, எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறது என்று கேமராவுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் லென்ஸ் மவுண்டில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக 6 பிட் குறியீடு. எம்8 மெனுவில் லென்ஸை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது; அது எம்9ல்தான் வந்தது. ஆக எம்8 வாங்கினால் ஒவ்வொரு லென்ஸுக்கும் ஃபில்டர் செலவையும், அகல லென்ஸ்களுக்குக் குறியீட்டுச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கறுப்பு வெள்ளையில் எடுப்பவர்களுக்கு இதே குறை வரமாகிவிடும். ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் தோலும் இலையும் ஒருவித ஒளிர்வோடு வரும். அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் இருண்ட ஐஆர் ஃபில்டர் போட்டால் நல்ல வெயிலில் கையில் பிடித்தே அகச்சிவப்புப் படம் எடுக்கலாம். வியூஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை என்பதால் ஃபில்டர் எவ்வளவு இருட்டாக இருந்தாலும் நமக்குக் காட்சி தெளிவாகத் தெரியும். லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆரில் இது நடக்காது.

எம்8ன் பின்திரை ஓரத்தில் காப்பி சிந்தியது போலப் பழுப்புக் கறை படரும் வியாதி உண்டு. அது படத்தைப் பாதிக்காது, ஆனால் திரையை மாற்ற முடியாது. ஷட்டர் சத்தமும் அதிகம். எடுத்த உடனே மோட்டார் கரகரவென்று மறுபடி ஏற்றும். 2008ன் எம்8.2ல் ஷட்டரை அமைதியாக்கினார்கள். அதற்கு விலையாக உச்ச வேகம் 1/8000லிருந்து 1/4000 ஆனது. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 640க்கு மேல் இரண்டுமே மண் தூவியது போல இருக்கும்.

லைக்கா எம்9: அழகும் அரிப்பும்

2009 செப்டம்பர் 9 அன்று, முழு 35 மி.மீ. சட்ட அளவில் 18 மெகாபிக்சல் கோடாக் சிசிடியோடு வந்தது. ஊதா நோய் பெருமளவு தீர்ந்தது. 35 என்றால் 35, 28 என்றால் 28. இதன் நிறத்துக்குப் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. வெயிலில், ஐஎஸ்ஓ 160ல், சிவப்பும் நீலமும் அடர்த்தியாக நிற்கும். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை போகும் காவடிகளை, காலை வெயில் ஏறிய பிறகு, இதில் எடுக்க எனக்கு மிகவும் பிடிக்கும். விடிவதற்கு முந்தைய இருட்டில் இதை எடுக்கவே மாட்டேன். 1250க்கு மேல் இதன் படம் எனக்கு ஒத்துவருவதில்லை. சிசிடி மந்திரம் என்று சொல்லப்படுவதில் பாதி, அந்தக் காலத்து நிற அமைப்பும் குறைந்த ஐஎஸ்ஓவும்தான் என்பது என் அபிப்பிராயம். மீதிப் பாதி உண்மை என்றும் நம்புகிறேன்.

பட்டறையில் என்னோடு வேலை பார்க்கும் காரைக்குடித் தம்பி ஒருநாள் கேட்டான்: "அண்ணே, எம்9 மலிவா வருது, எடுத்துரலாமா?"

"சென்சார் மாத்துன பேப்பர் இருக்கா தம்பி?"

"அதெல்லாம் கேக்கலண்ணே. ஆனா படம் நல்லாத்தான் இருக்கு."

"லென்ஸ் துவாரத்தத் திறந்து எஃப்/2ல எடுத்த படத்தக் காட்டியிருப்பாங்க. துவாரத்தச் சுருக்கி எஃப்/16ல வானத்த எடுத்து அனுப்பச் சொல்லு, அப்புறம் பேசுவோம்."

விஷயம் இதுதான். எம்9, எம்9-பி, எம்-ஈ, 2012ன் முதல் மோனோக்ரோம் ஆகியவற்றின் சென்சார் மேலுள்ள கண்ணாடி காலப்போக்கில் அரிக்கிறது. அதை 2014ல் லைக்கா ஒப்புக்கொண்டு இலவசமாக மாற்றித் தந்தது. பிறகு கட்டணம் வாங்கியது. பிறகு புதிய சென்சார்களின் கையிருப்பே தீர்ந்துவிட்டது. இன்று அரித்த சென்சாருள்ள கேமரா வாங்கினால், மேல் கண்ணாடியை மட்டும் பிரித்து மாற்றும் தனியார் பட்டறைகளை நாட வேண்டும். எம்8க்கு இந்த வியாதி கிடையாது.

சோதிப்பது சுலபம். லென்ஸின் துவாரத்தை எஃப்/16 அல்லது 22க்குச் சுருக்குங்கள். ஐஎஸ்ஓவைக் குறைந்த அளவில் வையுங்கள். ஃபோகஸ் வளையத்தை மிகக் கிட்டத்துக்குத் திருப்பிவிட்டு, மேகமில்லாத வானத்தை எடுங்கள். வானம் இல்லாவிட்டால் வெள்ளைச் சுவர் போதும். எடுக்கும்போது கேமராவை மெல்ல அசைத்தாலும் நல்லதே. சுவரில் உள்ள அழுக்கு கலைந்துவிடும், சென்சாரில் உள்ளது மட்டும் நிற்கும். கணினியில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். தூசி என்றால் விளிம்பு மங்கிய கறுப்புப் பொட்டாக இருக்கும். ஊதினாலோ துடைத்தாலோ போய்விடும். அரிப்பு என்றால் சின்னப் புள்ளியும், அதைச் சுற்றி வெளிறிய ஒளிவட்டமும் தெரியும், துடைத்தாலும் அசையாது. அப்படி ஒன்று கண்ணில் பட்டாலும் அந்தக் கேமராவை வைத்துவிட்டு வாருங்கள், ஒன்று இருந்தால் பத்து வரும்.

கூடவே, மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 640ல் ஒரு இருட்டுப் படமும் எடுங்கள். மேலிருந்து கீழாக ஒரே நேர்கோடு ஒளிர்ந்தால் பிக்சல் வரிசை ஒன்று செத்திருக்கிறது. அதை மென்பொருளில் மறைக்க சர்வீஸால் முடியும். இது விலை பேசப் பயன்படும் குறை. வாங்காமல் விடும் அளவுக்குப் பெரிதல்ல.

எம்9 மெதுவான கேமரா. தொடர்ந்து ஏழு, எட்டுப் படம் எடுத்தால் கார்டில் எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். திரை மிக மட்டம். ஃபோகஸ் விழுந்ததா என்று அதில் பார்த்து நம்பக் கூடாது. சில கார்டுகளோடு ஒத்துப்போகாமல் உறைந்துபோகும். அடித்தட்டைக் கழற்றிப் பேட்டரியை எடுத்துப் போட்டால் உயிர் வரும். கடைக்குப் போகும்போது உங்கள் கார்டையே கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள்.

நான் வாங்கச் சொல்வது

யாராவது முதன்முதலாக டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்க வந்து, ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் என்றால், தயங்காமல் லைக்கா எம் டைப் 240 அல்லது அதன் தம்பியான டைப் 262 என்பேன். 240 அறிவிக்கப்பட்டது 2012ல். 24 மெகாபிக்சல், சிசிடிக்குப் பதிலாக இன்று பரவலான சிமாஸ் வகை சென்சார். அரிப்பு இல்லை, ஊதா இல்லை. பேட்டரி பெரிது, பயணத்தில் ஒன்று மாட்டிக்கொண்டு கிளம்பினால் மாலை வரை கவலையில்லை. சென்சார் பார்ப்பதைத் திரையில் காட்டும் லைவ் வியூ இருப்பதால் ரேஞ்ச்ஃபைண்டர் அச்சு விலகியிருக்கிறதா என்று கேமராவிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு வசதிக்காகவே புதியவர்களுக்கு இது ஏற்றது. ஐஎஸ்ஓ 3200 வரை பயன்படும். அதற்கு மேல் நிழல்களில் கோடு கோடாக விழும்.

ரசிகர்கள் இதை மதிப்பதில்லை. கொஞ்சம் தடிமன், 680 கிராம் எடை, வீடியோ பொத்தான் வேறு. அதனால்தான் விலை நியாயமாக இருக்கிறது. உண்மையான குறை என்று நான் சொல்வது, குண்டு பல்பு வெளிச்சத்தில் தானியங்கி வெள்ளைச் சமன்பாடு தோலைச் செம்மஞ்சளாக்குவதை. நம் மாநிறத் தோலில் அது உடனே கண்ணில் உறுத்தும். வெள்ளைச் சமன்பாட்டைக் கையால் வைத்தும், டிஎன்ஜி என்ற பதப்படுத்தாத கோப்பாக எடுத்தும் சமாளிக்கலாம். கடைசியாக வந்த ஃபர்ம்வேரை (கேமராவுக்குள் ஓடும் மென்பொருளை) போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். 2015ன் டைப் 262ல் லைவ் வியூவும் வீடியோவும் இல்லை; மேல்தட்டு அலுமினியம், எடை 600 கிராம். ரேஞ்ச்ஃபைண்டரைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு அது. 2016ன் எம்-டி டைப் 262க்குப் பின்திரையே கிடையாது.

எம்10, 2017 ஜனவரியில் வந்தது. கையில் பிடித்ததும் வித்தியாசம் தெரியும்: உடல் சுமார் 4 மி.மீ. ஒல்லி, ஃபிலிம் கேமரா அளவு. இடப்பக்கம் ஐஎஸ்ஓவுக்குத் தனி டயல். வியூஃபைண்டர் உருப்பெருக்கம் 0.68லிருந்து 0.73 ஆனது; ஃபோகஸ் அடித்தளம் 50 மி.மீ.ஐத் தாண்டியது. 50 மி.மீ. லென்ஸை முழுவதும் திறந்து எடுப்பவருக்கு இது உடனே தெரியும் முன்னேற்றம். இருட்டில் எம்9ஐவிட வெகுதூரம் முன்னால். பேட்டரி மட்டும் சிறுத்துவிட்டது. ஒரு நாள் வெளியே போனால் இரண்டாவது ஒன்று பையில் இருந்தாக வேண்டும். வெளிச்சமான பகுதிகளை வெளிறவிட்டால் மீட்க முடியாது, ஆனால் நிழலைத் தாராளமாகத் தூக்கலாம். ஆகவே எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்தே எடுங்கள். பணம் இடம்கொடுத்தால் இன்று நான் தினமும் தோளில் போட்டுக்கொள்ளச் சொல்வது எம்10 அல்லது ஷட்டர் சத்தம் குறைந்த எம்10-பி.

எம்11, 2022ல் 60 மெகாபிக்சலோடு வந்தது. அடித்தட்டு போய், பேட்டரியை நேராக இழுக்கலாம். யூஎஸ்பி-சி உண்டு, உள்ளேயே 64 ஜிபி சேமிப்பிடம் உண்டு. கறுப்பு அலுமினிய உடல் 530 கிராம்தான். 60, 36, 18 என்று மூன்று அளவில் டிஎன்ஜி எடுக்கலாம். வெளிச்சத்தை எப்போதும் சென்சாரில்தான் அளக்கிறது என்பதால் ஆன் செய்ததும் ஷட்டர் திறந்து தயாராக நேரம் எடுக்கும். தெருவில் சட்டென்று எடுப்பவர்களுக்கு அந்த நொடி உறுத்தும். தொடக்க ஃபர்ம்வேரில் பலருக்கு உறைந்துபோனது, அடுத்தடுத்த ஃபர்ம்வேர்களில் அது குறைந்தது. என் கவலை வேறு. 60 மெகாபிக்சலில் ரேஞ்ச்ஃபைண்டரின் ஒவ்வொரு சிறு விலகலும், கையின் ஒவ்வொரு நடுக்கமும் தெரிந்துவிடும். இந்தக் கேமராக்கள் எதிலும் சென்சார் அசைவு தாங்கி கிடையாது. 50 மி.மீ.க்கு 1/50 போதும் என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது. 1/200க்குக் கீழே இறங்காதீர்கள். பெரிய பிரிண்ட் போடாதவருக்கு இதன் சென்சார் தேவையே இல்லை.

பிரான்சில் கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன பெசன்சோன் நகரில் செய்யப்படும் பிக்ஸி என்றொரு கேமராவும் உண்டு. பின்திரை இல்லை, கார்டும் இல்லை. உள் சேமிப்பிலிருந்து படம் செல்போனுக்குப் போகும். ஷட்டர் மின்னணு ஷட்டர், எனவே சத்தமே இல்லை; எல்ஈடி விளக்கடியில் கோடு விழலாம். சிறு நிறுவனம் என்பதால் சர்வீஸுக்கு அங்கேதான் அனுப்ப வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

ரேஞ்ச்ஃபைண்டரைச் சோதிப்பது

எந்த மாடலானாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் பணம் எடுக்காதீர்கள். கடைக்குள் நின்றால் முடியாது, வாசலுக்கு வாருங்கள். கடைக்காரரில் ஒருவர் கூட வரட்டும், தப்பில்லை.

லென்ஸை முடிவிலியில் நிறுத்துங்கள். வளையம் முட்டி நிற்க வேண்டும். தூரத்தில், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் நல்லது, கூர்மையான செங்குத்து விளிம்புள்ள ஒன்றைப் பாருங்கள்: கட்டிடத்தின் மூலை, கிரேனின் கம்பம், ஆன்டெனா. கிழக்குக் கடற்கரையில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களின் கொடிக்கம்பம் எனக்குப் பிடித்த குறி. வெளிச்சக் கட்டத்துக்குள் இரண்டு பிம்பமும் ஒரே கோடாகச் சேர வேண்டும். சேராமல் முன்பே நின்றுவிட்டாலோ, சேர்ந்து தாண்டிப் போனாலோ கிடையான அச்சு விலகியிருக்கிறது. அடுத்து, கிடையான கோடு ஒன்றைப் பாருங்கள்: மாடிக் கைப்பிடி, மின்கம்பி. பிம்பம் ஒன்று மேலும் ஒன்று கீழுமாகத் தெரிந்தால் செங்குத்து அச்சு விலகல். இது ஃபோகஸைக் கெடுக்காது, ஆனால் கண்ணைக் களைப்பாக்கும். கேமரா கீழே விழுந்திருக்கலாம் என்பதற்கும் இது ஒரு தடயம்.

பிறகு கிட்டத்துச் சோதனை. மேஜையில் ஒரு ஸ்டீல் ஸ்கேலைச் சாய்வாக வைத்து, ஒரு மீட்டர் தள்ளி, லென்ஸை முழுவதும் திறந்து, நடுவிலுள்ள ஒரு எண்ணுக்கு ஃபோகஸ் செய்து எடுங்கள். ஒரு படத்தை நம்ப வேண்டாம். ஒவ்வொரு முறையும் வளையத்தைத் தள்ளிவிட்டு மறுபடி ஃபோகஸ் செய்து நான்கைந்து எடுங்கள். கூர்மை எப்போதும் ஒரே பக்கமாக முன்னாலோ பின்னாலோ விழுந்தால் அச்சுக் கோளாறு. முன்னும் பின்னும் மாறி மாறி விழுந்தால் அது நம் கண். அதே சோதனையை வேறொரு லென்ஸில் செய்யுங்கள். இரண்டிலும் ஒரே பிழை என்றால் கேமரா, ஒன்றில் மட்டும் என்றால் லென்ஸ்.

முடிவிலியில் மட்டும் சின்ன விலகல் என்றால், மவுண்டுக்குள் தெரியும் உருளையின் நடுவிலுள்ள திருகில் சரியாகும். எம்8லும் எம்9லும் செங்குத்துத் திருகு சிவப்பு வட்ட லோகோவின் பின்னால் ஒளிந்திருக்கிறது. முடிவிலி சரியாக இருந்து ஒரு மீட்டரில் மட்டும் தவறினால் உள்ளிருக்கும் கையின் நீளத்தை மாற்ற வேண்டும். அது பழகியவர் செய்யும் வேலை. விலகல் இருப்பதால் மட்டும் கேமராவைத் தள்ள வேண்டியதில்லை. சரிசெய்யும் கட்டணத்தை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

கண்ணாடி அணிபவர்கள் 28 மி.மீ. சட்டக் கோடுகளின் நான்கு மூலையும் தெரிகிறதா என்று பாருங்கள். எம்9, 240 இரண்டிலும் சிரமம்தான். எம்10லிருந்து கொஞ்சம் தேவலை. கண்பவர் லென்ஸ் திருகிப் போடுபவர்கள், எம்10ன் கண்துளை அளவு மாறியிருப்பதால் பழையதற்கு அடாப்டர் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். சட்டக் கோடுகள் ஒரே ஒரு தூரத்துக்குத்தான் சரியாக இருக்கும். எம்8ல் 0.7 மீட்டருக்கு, எம்9ல் 1 மீட்டருக்கு, எம்8.2லும் 240க்குப் பிறகானவற்றிலும் 2 மீட்டருக்கு. தூரத்தில் எடுக்கும்போது எம்9ல் கோட்டுக்கு வெளியே நிறைய வந்துவிழும். தெருப் படங்களுக்கு 240ன் கோடுகளே நம்பத்தக்கவை.

லென்ஸ் பற்றிச் சுருக்கமாக

உடலில் எல்லாப் பணத்தையும் போட்டுவிட்டு லென்ஸுக்குக் கையைப் பிசையாதீர்கள். வாய்க்லாண்டர் 35 மி.மீ. எஃப்/2.5, சைஸ் 50 மி.மீ. பிளானார், திருகு மவுண்டில் பழைய கேனன் 50 மி.மீ. எஃப்/1.8 ஆகியவை எந்த உடலிலும் நன்றாக வேலை செய்யும். சோவியத் ஜூபிட்டர் 50 மி.மீ. லென்ஸ்கள் மலிவு, அழகு. ஆனால் அவற்றின் ஃபோகஸ் அளவு கான்டாக்ஸ் வழி வந்தது, லைக்காவோடு கொஞ்சம் பிசகும். ஜூபிட்டர்-12ன் பின்கண்ணாடி மிக நீண்டு உள்ளே போகும். டிஜிட்டல் உடலில் மாட்டவே வேண்டாம். உள்ளே மடங்கும் பழைய லென்ஸ்களை மாட்டலாம், மடக்க மட்டும் கூடாது. மிக அகலமான பழைய லென்ஸ்கள் எம்9ல் ஓரங்களைச் சிவப்பாக்கும். கறுப்பு வெள்ளையில் அது தெரியாது.

வாங்கிய பிறகு

நம்மைப் போலப் புழுக்கமான ஊரில் இருப்பவர்கள் டிரை கேபினட்டையும் கேமரா விலையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். மிக வறண்டாலும் உள்ளிருக்கும் மசகு கெடும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸைக் கழற்றாதீர்கள். சென்சாரில் நீராவி படியும். பையிலேயே கொஞ்ச நேரம் விட்டு, உடல் வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்.

எம்8, எம்9 இரண்டுக்கும் ஒரே பேட்டரிதான். பழசான பேட்டரி சார்ஜ் முழுதாகக் காட்டிவிட்டு நடுவழியில் இறங்கும், கேமரா உறைவதற்கும் பாதி நேரம் அதுதான் காரணம். வாங்கும் அன்றே புதிதாக இரண்டு வாங்கிவிடுங்கள். கடை திருப்பி எடுக்கும் கெடு ஒரு வாரம் தந்தால் அந்த வாரத்தில் கேமராவை அலமாரியில் வைக்காதீர்கள். வானம், ஸ்கேல், இருட்டுப் படம் மூன்றையும் வீட்டில் நிதானமாக மறுபடி எடுங்கள். கார்டு நிறையும்வரை எடுங்கள். மழை நாளில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை வெளியே கொண்டுபோங்கள். உறைந்தால் நாளையும் நேரத்தையும் குறித்துவைத்து, கெடு முடிவதற்குள் கடையில் காட்டுங்கள்.